கீழே ஒரு வரி

தை முடிந்து மாசி பிறந்தால் எங்கள் துறைப் பிள்ளைகளுக்கு அவசரமாக ஓர் ஏழை தேவைப்படுவார். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் இதழியலும் ஊடகமும் சொல்லித்தருகிறேன். கடைசி ஆண்டில் ஒவ்வொரு குழுவும் ஓர் ஆவணப்படம் எடுத்துக் காட்ட வேண்டும். அதற்குப் பெயர் புராஜெக்ட். பிள்ளைகள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். திரும்பி வரும்போது ஓர் ஓட்டைக் கூரை, சுருக்கம் விழுந்த ஒரு முகம், தண்ணீர் வராத ஒரு குழாய், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு புல்லாங்குழல். அந்தப் புல்லாங்குழலை எந்தப் புண்ணியவான் ஊதி இணையத்தில் இலவசமாகப் போட்டுவைத்தானோ தெரியவில்லை. ஆள் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று துறையில் ஒரு பேச்சு உண்டு. உண்மைதான். இங்கே வருவதற்கு முன் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். அங்கே ஓர் ஊரின் பெயரைத் தப்பாகப் போட்டால்கூட மறுநாள் ஒரு மூலையிலாவது திருத்தம் வரும். இங்கேயோ, மதிப்பெண் போட வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளர் படத்தைப் பார்த்துவிட்டு உண்மையா பொய்யா என்று கேட்கமாட்டார். "எல்லாம் ஓகே, ஃபீல்தான் கொஞ்சம் கம்மி" என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து பிள்ளைகள் எதையும் செய்வார்கள்.

அந்த வருடக் குழுவில் நான்கு பேர். கேமரா வைத்திருந்தவன் மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துப் பையன். அப்பா பெரிய கரும்பு விவசாயி. மகன் ஊடகம் படிக்கிறான் என்று ட்ரோன்வரை வாங்கிக் கொடுத்திருந்தார். கேமரா யாருடையதோ அவனே டைரக்டர் என்பது எங்கள் பிள்ளைகளின் எழுதாத சட்டம். இன்னும் இருவர் சங்கராபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற பிள்ளைகள். நான்காவது, கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண். வெள்ளிமலையைத் தாண்டி இன்னும் உள்ளே போக வேண்டிய ஊர் அவளுடையது. வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். என்ன எடுக்கப்போகிறீர்கள் என்று குழுவாக உட்காரவைத்துக் கேட்ட நாளில் அவள்தான் முதலில் பேசினாள்.

"எங்க ஊர்ல ஒரு பாலம் இருக்குங்க மேடம். அத எடுக்கலாம்."

ஊருக்குத் தார் ரோடு வந்துவிட்டது. ஆனால் ஊருக்குச் சற்று முன்னால் ஓர் ஓடை குறுக்கே போகிறது. அதில் தரையோடு தரையாக ஒரு பாலம். கோடையில் பார்த்தால் பாலம் என்றே தெரியாது. நல்ல மழை பிடித்தால் தண்ணீர் அதன் மேலேயே ஓடும். அப்போது ஆம்புலன்ஸ் வந்தாலும் அக்கரையில்தான் நிற்கும். முடியாதவர்களைப் போர்வையில் கட்டி, மூங்கில் கழியில் டோலியாக மாட்டி, தோளில் சுமந்து தண்ணீரைக் கடக்க வேண்டும். உயரமான பாலம் கேட்டு ஊரார் நடையாய் நடந்து, அந்த வருடம்தான் யாரோ வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். அளந்ததுமே கட்டிவிட்டது போல அவள் சந்தோஷமாகச் சொன்னாள்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ரோடு போட்டாயிற்று என்று எல்லாரும் கோப்பை மூடிவிட்ட இடத்தில் ஒரு செய்தி உட்கார்ந்திருக்கிறது. அந்த ஊர்ப் பெண்ணே அதைச் சொல்கிறாள். இதைவிட என்ன வேண்டும்? காய்ந்த ஓடையை எடுங்கள், தண்ணீர் எந்த மட்டத்துக்கு வரும் என்று ஊரார் கையால் காட்டுவதை எடுங்கள், சுமந்தவர்களைப் பேசவிடுங்கள் என்றேன்.

டைரக்டர் முகத்தைச் சுளித்தான். "தண்ணியே இல்லாத பாலத்த காட்டினா யாருங்க மேடம் பாப்பாங்க?"

"பாக்கற மாதிரி சொல்றதுதான்டா நீ படிக்கிற படிப்பு" என்றேன்.

புராஜெக்டுக்குப் பிள்ளைகள்தான் போவார்கள். ஆசிரியர் கூடப் போகிற வழக்கம் இல்லை. போய்விட்டு வந்தார்கள். எடிட்டிங் முடித்து லேபில் திரையிட்டார்கள். படம் தொடங்கியதுமே புல்லாங்குழல். மலைமுகடு, மேகம், மேலிருந்து ட்ரோன் இறங்குகிறது. ஒற்றையடிப் பாதையில் நான்கு ஆண்கள் டோலி கட்டி ஒரு கர்ப்பிணியைச் சுமந்துகொண்டு ஓடுகிறார்கள். எதிரிலிருந்து ஒரு ஷாட், பின்னாலிருந்து ஒரு ஷாட், போர்வைக்குள் முனகும் முகத்துக்கு மிக அருகில் ஒரு ஷாட். பாலமும் இல்லை, ஓடையும் இல்லை, தார் ரோடு மருந்துக்கும் இல்லை. வகுப்பு கைதட்டியது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மலைப்பெண் மட்டும் தலையைத் தூக்கவே இல்லை.

"இது எப்ப நடந்தது?" என்று டைரக்டரைக் கேட்டேன்.

"நாங்க போனப்பதான் மேடம்."

"நீங்க போன அன்னிக்குனு பாத்து அந்தம்மாவுக்கு வலி வந்துதா?"

"வந்துச்சு மேடம்."

"வலியில துடிக்கிற பொம்பளைய தூக்கிக்கினு ஓடறாங்க. நீ அவங்கள நிறுத்தி முன்னால ஒருவாட்டி, பின்னால ஒருவாட்டி, மேல ட்ரோன் வுட்டு ஒருவாட்டி எடுத்துக்கினு இருந்தியா? நெசமா இருந்தா அந்த நாலு பேரும் டோலிய கீழ வச்சிட்டு உன்ன உதைச்சிருக்க மாட்டாங்க?"

மலைப்பெண் எழுந்து நின்றாள்.

"அது எங்க அண்ணிங்க மேடம். இப்பதான் எங்க அண்ணனுக்குக் கட்டிக்கினு வந்தாங்க. வயித்துல தலகாணி."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

பிறகு தனியாக அழைத்துக் கேட்டபோது முழுக் கதையும் வந்தது. தங்கச்சியோடு படிக்கிற பிள்ளைகள் என்று வீட்டில் கோழியடித்துச் சாமைச் சோறு போட்டிருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்த டைரக்டர் டோலி தூக்கிக் காட்டச் சொல்லியிருக்கிறான். இவள் தயங்கியிருக்கிறாள். "நடக்காததையா காட்டறோம்? மழையில நடக்கறததான வெயில்ல காட்டறோம்?" என்று அவன் கேட்டதும் ஒத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய அண்ணனும் பங்காளிகளும் விருந்தாளி கேட்டதைத் தட்டக்கூடாதென்று தோள் கொடுத்திருக்கிறார்கள். அண்ணிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லையாம். "சிரிக்காதீங்கக்கா, ஃபீல் போயிடும்" என்று திரும்பத் திரும்ப எடுத்தானாம்.

நடித்துக் காட்டியது தப்பு என்று நான் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன். மாசி மாதத்தில் வெள்ளத்துக்கு எங்கே போவது? நடித்ததை நடித்தது என்று சொல்லாததுதான் அயோக்கியத்தனம். டைரக்டரைக் கூப்பிட்டு இரண்டே இரண்டு வேலை சொன்னேன். ரோட்டையும் பாலத்தையும் படத்தில் காட்டு. டோலி வரும்போது திரையின் கீழே ஒரு வரி போடு: "மழைக்காலத்தில் நேர்வதை ஊர்மக்கள் நடித்துக் காட்டுகிறார்கள்."

"வரி போட்டா ஃபீல் போயிடும் மேடம்."

"போனா போவட்டும்."

"இத்தினி கஷ்டப்பட்டு எடுத்துக்கினு வந்திருக்கோம். ஒரு வரி போட்டு நீங்களே கெடுக்கச் சொல்றீங்களே?"

அந்தப் படத்தில் கையெழுத்துப் போட மறுத்தேன். அவன் துறைத்தலைவரிடம் போனான். அவர் என்னைக் கூப்பிட்டார். சண்டை போடத் தெரியாத நல்ல மனிதர். அதனாலேயே எல்லாக் கெட்ட காரியங்களுக்கும் தலையாட்டிவிடுவார். "விடுங்க மேடம். புள்ளைங்க ஆசையா பண்ணியிருக்காங்க. இது இன்னா கோர்ட்டா, சாட்சி சொல்ல?" என்று தன் பேனாவைத் திறந்து தானே கையெழுத்துப் போட்டார். தேர்வாளர் வந்தார். ஃபீல் ஜாஸ்தியாக இருப்பதாகப் பாராட்டினார். ஊடக நாள் விழாவில் அதற்குத்தான் முதல் பரிசு. ஷீல்டை வாங்கும்போது நான்கு பேரும் மேடையில் நின்றார்கள். மலைப்பெண் ஓரத்தில், தூணுக்கு அந்தப் பக்கம் பாதி மறைந்து நின்றாள்.

இதோடு முடிந்திருந்தால் வருடா வருடம் பார்க்கிற கூத்து என்று விட்டிருப்பேன். டைரக்டர் டோலிக் காட்சியை மட்டும் வெட்டி இணையத்தில் ஏற்றினான். ஒரு செய்திச் சேனல்காரர் கேட்டார். தன் பெயரைப் போட்டால் போதும் என்று கொடுத்துவிட்டான். "இன்றும் சாலை இல்லாத மலைக்கிராமம்" என்று அன்று மாலை முழுக்க ஓடியது. டோலியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் வேறு. மகன் பெயர் டிவியில் வந்தது என்று அவன் அப்பா துறைக்கு இனிப்பு அனுப்பினார். நான் தொடவில்லை.

மறுநாளே ஓர் அதிகாரி மலைக்குக் கிளம்பிவிட்டார். சாலை இல்லாத ஊருக்கு ஜீப்பில் சுகமாகப் போய் இறங்கினார். கோபம் வராமல் இருக்குமா? ஊரைக் கூட்டி, கூட வந்தவர்களை போனில் படம் எடுக்கச் சொல்லிவிட்டு, நின்ற இடத்தில் பூட்ஸ் காலால் தாரைத் தட்டினாராம்.

"இது இன்னா? ரோடு இல்லாம ஆறா? டோலியில போன அம்மா யாரு? முன்னால வாங்க."

அண்ணி வந்து நின்றிருக்கிறாள்.

"கொழந்த எங்கம்மா?"

அந்தப் புதுப்பெண் என்ன சொல்வாள்? அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நிற்கிற அந்தப் படமும் ஊர் ஊராகப் போயிற்று. "நாடகமாடிய மலைக்கிராமம்" என்று தலைப்பு. ஊர்ப் பெரியவர் ஒருவர் பாலத்தைக் காட்டிப் பேச முயன்றிருக்கிறார். "மொதல்ல நடிக்கிறத நிறுத்துங்க, அப்புறம் பாலத்தப் பத்தி பேசலாம்" என்று அதிகாரி ஜீப் ஏறிவிட்டார். அளந்துவிட்டுப் போனவர்கள் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

இதையெல்லாம் அந்தப் பெண் லேப் வாசலில் நின்று என்னிடம் சொன்னாள். "அண்ணி வூட்ட வுட்டு வெளியவே வரதில்லீங்க மேடம். எங்கண்ணன் எங்கூட பேசறதில்ல. உன்னாலதான் பாலம் போச்சுன்றாங்க." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சேனலுக்குப் போன் போட்டேன். ஒரு திருத்தம் போடுங்கள். ரோடு இருக்கிறது, உயரமான பாலம்தான் இல்லை, டோலி நடித்தது, மழையில் அது நிஜமாக நடக்கிறது. இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். எதிர்முனையில் இருந்தவர் சிரித்தார். "மேடம், அது அன்னிக்கே போன சரக்கு. இப்ப போயி யாரு திருத்தம் கேட்டா?" நான் கேட்கிறேன் என்றேன். பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்.

டைரக்டரைப் பிடித்தேன். "ரோடு இல்லன்னு நான் எங்க மேடம் சொன்னேன்? சேனல்காரன்தான் சொன்னான்" என்றான். சொன்னது வாஸ்தவம். படத்தில் அவன் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. புல்லாங்குழல் மட்டும்தான் வைத்தான். என் கோபத்தைப் பார்த்துப் பயந்து, மறுநாள் வந்து, "டெலிட் பண்ணிட்டேன் மேடம்" என்றான். ஏதோ கரும்பலகையில் எழுதியதை அழித்துவிட்டவன் போல முகம் தெளிந்திருந்தது. யானை வாய்க்குள் போன கரும்பு திரும்பியா வரும்? கரும்பு விளைகிற ஊர்ப் பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

மற்ற மூவரையும் உட்காரவைத்தேன். அந்தப் பாலத்தின் மேலேயே நின்று, தாங்கள் காட்டியது நடிப்பு என்றும், ஏன் நடிக்கவைத்தோம் என்றும், மழையில் என்ன ஆகும் என்றும் சொல்லி ஒரு சின்னப் படம் எடுத்தார்கள். இசை கிடையாது. காற்று மைக்கில் மோதுகிற சத்தம் மட்டும். என் ஆசிரிய வாழ்க்கையில் என் மாணவர்கள் செய்த ஒரே இதழியல் அதுதான் என்பேன். துறையின் இணையப் பக்கத்தில் போடக் கேட்டேன். "காலேஜ் பேரு இன்னா ஆவறது? ஷீல்டு வேற குடுத்துட்டோம்" என்றார் துறைத்தலைவர். கடைசியில் அந்தப் பெண் தன் பக்கத்தில் போட்டாள். அவள் கூட்டாளிகள் பார்த்தார்கள். நான் பலமுறை பார்த்தேன். பொய்யைப் பார்த்த கூட்டம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

டைரக்டர் இப்போது சென்னையில், அதே சேனலில் வேலை செய்கிறான்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. கள்ளக்குறிச்சியிலேயே பஸ் ஸ்டாண்டுக்குள் முழங்கால் தண்ணீர். அப்போது அந்தப் பெண் படிப்பை முடித்து ஊரில் இருந்தாள். ஒரு காலையில் அவளிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. லென்ஸ் முழுக்க மழைத்துளி. ஓடை செம்மண் நிறத்தில் பாலத்தின் மேல் ஏறி ஓடுகிறது. அக்கரையில் ஆம்புலன்ஸின் நீல விளக்கு சுற்றுகிறது. நான்கு ஆண்கள் டோலியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறார்கள். யாரும் கேமராவைப் பார்க்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து வலியில் ஒரு குரல் வருகிறது. தண்ணீர் இடுப்புக்கு வருகிறது. டோலி ஒரு பக்கம் சாய்கிறது, போர்வை விலகி முகம் தெரிகிறது. "ஐயோ, அண்ணி!" என்று ஒரு கத்தல். படம் குலுங்கி, வானம் தெரிந்து, அறுந்துவிட்டது.

பிறகு அவளே பேசி அனுப்பிய குரல் வந்தது. "மேடம், பொண்ணு பொறந்திருக்குங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நடுவுல தண்ணி இழுத்துச்சு, எங்கண்ணனுக்குக் கால் வழுக்கிடுச்சு. செல்போன இடுப்புல சொருவிக்கினு நான் தோள் குடுத்தேன். அதுக்கு மேல எடுக்க முடியலீங்க. இது போதுமா மேடம்? இதக் காட்டினா நம்புவாங்களா?"

போதும், இதைவிட என்ன வேண்டும் என்று நான் பதில் அனுப்பினேன். எனக்குத் தெரிந்த நிருபர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினேன். அந்தச் சேனலுக்கும் அனுப்பினேன். "போன தடவையே பட்டது போதும் மேடம்" என்று ஒருவர். "அதே ஊரு, அதே டோலி, அதே பொம்பளை!" என்று இன்னொருவர், கூடவே சிரிக்கிற பொம்மை. ஒருவர் மட்டும் பெரிய துப்பு துலக்கியவர் போல, பழைய படத்திலிருந்து அண்ணியின் முகத்தையும் இதிலிருந்து அண்ணியின் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரெண்டும் ஒரே ஆள்தானே, கவனித்தீர்களா என்று கேட்டிருந்தார். ஒரே ஆள்தான் ஐயா. ஊரே மொத்தம் அவ்வளவுதான். அவளுக்குத்தான் கல்யாணம் ஆயிற்று, அவளுக்குத்தான் பிள்ளை பிறந்தது. இதை எந்த மொழியில் உங்களுக்குச் சொல்வது?

அந்தப் பெண் தன் பக்கத்தில் போட்டதற்குக் கீழே "நடிகை திரும்ப வந்துட்டாங்க" என்று எவனோ எழுதியிருந்தான். பாலத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தது அந்த ஐந்து பேரின் தோளால். அதில் எங்கள் படிப்புக்கோ படத்துக்கோ ஒரு பங்கும் இல்லை.

மழை விட்டுக் கல்லூரி திறந்ததும் அந்த வீடியோவைப் புதிய வகுப்பில் போட்டுக் காட்டினேன். எந்த ஊர், யார் எடுத்தது என்று எதுவும் சொல்லவில்லை. ஓடி முடிந்தது. பின் பெஞ்சில் யாரோ, "போன வருஷத்துத விட இதுல ஆக்டிங் சூப்பர்" என்றான். அவனை முறைத்தேன். முதல் பெஞ்சில் திருக்கோவிலூர்ப் பெண் ஒருத்தி உண்டு. நான் தும்மினாலும் குறிப்பெடுக்கிற பிள்ளை. அவள் கை தூக்கினாள்.

"முக்கியமான எடத்துல கட் ஆவுதுங்க மேடம். அதான் கொஞ்சம் நம்ப முடியல."

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். தலையணையையும் ஷீல்டையும் ஜீப்பையும் சொன்னேன். அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு தோள் கொடுக்கத் தண்ணீரில் இறங்கிய இடத்தில்தான் படம் அறுந்தது என்றும் சொன்னேன். பக்கத்து வகுப்பு ஆசிரியர் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு என் குரல் போய்விட்டது. சொல்லி முடித்தேன்.

முதல் பெஞ்சுப் பெண் மறுபடி கை தூக்கினாள்.

"அப்போ, இது நெசமா நடந்ததுன்னு கீழ ஒரு வரி போட்டிருக்கலாமேங்க மேடம்?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. நான் சொல்லப்போகிற பதிலை எழுதிக்கொள்ள, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.